மலிவாகக் கிடைக்கிறதே என்று பாண் துண்டு மூட்டையை வாங்கும் முன்

2022இல் டொலர் தட்டுப்பாட்டோடு சோளமும் சோயாவும் விலை ஏறியதிலிருந்து, கொழும்பைச் சுற்றிச் சின்ன அளவில் இறைச்சிக்கோழி வளர்க்கிறவர்கள் பேக்கரிக் கழிவு, பிஸ்கட் தூள், தேங்காய்ப் புண்ணாக்கு, பியர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் தானியச் சக்கை (பியர்ச் சக்கை) என்று தேடுவது கூடிவிட்டது. நல்ல விஷயம்தான், எல்லாமே தீனாகக் கூடியவை. ஆனால் மூட்டை விலையை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரிய பிழை.

பாணையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்தியில் அது சோளத்துக்குக் குறைந்ததில்லை, புரதமோ 10 முதல் 12 சதவீதம்தான். 20 சதவீதப் புரதமுள்ள கடைத்தீனில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாண் தூளைக் கலந்தால், மொத்தப் புரதம் 17 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கோழி சாப்பிடும், கொழுக்கும், நெஞ்சு இறைச்சி மட்டும் வராது. அதனால் பாணைச் சோளத்துக்குப் பதிலாகத்தான் பார்க்க வேண்டும், முழுத்தீனுக்குப் பதிலாக இல்லை. குறையும் புரதத்தைச் சோயாப் புண்ணாக்கு மாதிரி ஒன்றால் ஈடுகட்டுங்கள்; தேங்காய்ப் புண்ணாக்கில் நாரும் அதிகம், புரதத்தில் கோழிக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு, அதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்தது பூஞ்சணம், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பொலித்தீன் பையோடு வரும் பாணின் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு தெரியும், அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை வெயிலில் போடுவார்கள். வெயிலில் பூஞ்சணம் காயும், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். சரியாகக் காயாத கொப்பராவில் இருந்து வந்த புண்ணாக்கிலும் இதே ஆபத்துதான், அதில் வரும் அப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும், அவித்தாலும் போகாது. மணம் மாறியிருந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்புங்கள்.

பியர்ச் சக்கை ஈரமாகத்தான் வரும், 10 கிலோ வாங்கினால் ஏறக்குறைய 8 கிலோ தண்ணீர்! கொழும்பு வெக்கையில் ஓரிரு நாளிலேயே புளித்துவிடும். நாரும் அதிகம் என்பதால், காயவைத்தாலும் வளர்ந்த கோழிக்குக் கொஞ்சமாகத்தான் கொடுக்கலாம்.

மிக்சர், உப்பு பிஸ்கட் தூள்களில் உப்பைக் கவனியுங்கள். உப்பு கூடினால் கோழி தண்ணீராகக் குடிக்கும், எச்சம் இளகி உமி நனையும், கூட்டுக்குள் அமோனியா நெடி கண்ணை எரிக்கும். அதை நோய் என்று நினைத்து மருந்து வாங்குகிறவர்களும் உண்டு. சொக்லேட் கலந்த பிஸ்கட் வேண்டவே வேண்டாம், கொக்கோவில் உள்ள தியோபுரோமின் கோழிக்கு நஞ்சு. சாப்பாட்டுக் கடை மிச்சத்தையும் தொடாதீர்கள், அதிலுள்ள இறைச்சி, எலும்பு வழியாக நோய் வரும்.

அப்புறம், குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் கடைத்தீன் மட்டும் போதும். பிறகு ஒரு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வாரமும் அதே நாளில், சில கோழிகளை நிறுத்துப் பாருங்கள். எடை பின்தங்கினால் கழிவின் பங்கைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.