பெரிய படத்துக்குக் கண்ணாடியா, அக்ரிலிக்கா?

4 அடிக்கு 3 அடி தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சட்டம் போடப் போகிறீர்களா? முதலில் எடையைப் பாருங்கள். அந்த அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி மட்டுமே சுமார் 11 கிலோ வரும், அதோடு தேக்குச் சட்டமும் பலகையும் சேர்ந்தால், கும்பகோணம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஒற்றை ஆணியை நம்பி மாட்டுவது வம்பு. கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் தகடுதான் அக்ரிலிக்; அதே தடிமனில் பாதி எடைதான், விழுந்தாலும் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகச் சிதறாது.

ஆனால் அக்ரிலிக்கில் சீக்கிரம் கீறல் விழும். செய்தித்தாளால் துடைக்காதீர்கள், அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், ஈரப் பருத்தித் துணி போதும். அப்புறம், துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும் என்பதால் கரி, பேஸ்டல் படங்களுக்குக் கண்ணாடியே சரி.

எதைப் போட்டாலும் படத்தில் ஒட்டக் கூடாது. சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவு பூசி மேடாக்கிய நகையும் தங்க ரேக்கும் நசுங்காமல் இருக்க, உள்ளே கட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிப்பதும் ஒட்டிய இடத்தில்தான்.

ஜன்னல் வெளிச்சம் பளபளக்கிறதே என்று பளபளப்பில்லாத மேட் கண்ணாடி கேட்காதீர்கள். இடைவெளி விட்டால் படம் மங்கலாகத் தெரியும். காசு இருந்தால் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள ரகம், இல்லையென்றால் வேறு சுவர்.