வந்த கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரிப்பது எப்படி? எசேக்கியா ராஜாவிடமிருந்து ஒரு செய்முறை

யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவுக்கு வந்த இரண்டு கடிதங்களைப் பற்றி வேதம் சொல்கிறது. ஒன்று, அசீரியாவின் ராஜா சனகெரிப் அனுப்பிய மிரட்டல். இன்னொன்று, பாபிலோன் ராஜா பெரோதாக்பலாதான் வெகுமானத்தோடு அனுப்பிய நலம் விசாரிப்பு. முதலாவதை அவர் ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார், இது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இரண்டாவதை விரித்ததாக ஒரு வரிகூட இல்லை. பயமுறுத்தும் செய்தி வந்தால் நாமும் முழங்காலில் நிற்போம், சந்தோஷமான செய்தி வந்தால் உடனே "சரி" என்று பதில் போட்டுவிடுவோம், அதனால்தான் இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும் என்கிறேன்.

முதலில் 2 இராஜாக்கள் 18, 19, 20 அதிகாரங்களை ஒரே தடவையில் உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். ஏசாயா 36 முதல் 39 வரை பெரும்பாலும் இதே சம்பவங்கள்தான், 2 நாளாகமம் 29 முதல் 32 வரை ஆலயச் சீர்திருத்தத்தை விரிவாகச் சொல்லும். ஆனால் 2 இராஜாக்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஏனென்றால் எசேக்கியா பணம் கட்டித் தப்பிக்கப் பார்த்த கதை அங்கே மட்டும்தான் இருக்கிறது. நம் செய்முறையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏற்கெனவே கட்டியதை எழுதுங்கள்

கி.மு. 701-இல் சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தான். எசேக்கியா உடனே ஜெபிக்கப் போகவில்லை. யூதாவின் லாகீஸ் பட்டணத்தில் இருந்த சனகெரிபுக்கு ஆள் அனுப்பி, நான் செய்தது குற்றம், என்ன சுமத்தினாலும் சுமக்கிறேன் என்றார். அவன் கேட்டது 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். கஜானா போதவில்லை, அதனால் கர்த்தருடைய ஆலயக் கதவுகளில் தானே பதித்திருந்த பொன்னைக் கழற்றிக் கொடுத்தார். 25 வயதில் சிங்காசனம் ஏறியதும், முதல் வருஷம் முதல் மாதத்திலேயே, தகப்பன் ஆகாஸ் பூட்டிவைத்த ஆலயக் கதவுகளைத் திறந்து பழுதுபார்த்தவர் இவர்தான். பொன்னை வாங்கிக்கொண்டும் அசீரியப் படை திரும்பிப் போகவில்லை, எருசலேமுக்கு வந்து நின்றது.

ஆகவே ஜெபிப்பதற்கு முன்பு ஒரு தாள் எடுத்து, இந்தப் பிரச்சினையைச் சமாளிக்க இதுவரை நீங்கள் என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். யாரைச் சமாதானப்படுத்த எந்தப் பொய்க்குத் தலையாட்டினீர்கள், எந்த வேலைக்காக ஆராதனை நேரத்தை விட்டீர்கள், எந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினீர்கள், எல்லாமும். கர்த்தருக்குத் தெரியாதென்று எழுதவில்லை, அந்த வழி ஏற்கெனவே பலிக்கவில்லை என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் பணத்துக்காகக் கர்த்தர் எசேக்கியாவின் பிற்பாடான ஜெபத்தைத் தள்ளிவிடவில்லை. தப்பான வழியில் ஒரு தடவை போனவன் இனி ஜெபிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது போதும்.

மதிலுக்கு வெளியே நிற்பவனுக்குப் பதில் கொடுக்காதீர்கள்

சனகெரிப் எருசலேமுக்கு அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே நல்ல பேச்சாளன். யூத பாஷையிலேயே, மதில்மேல் இருந்த ஜனங்கள் காதில் விழும்படி பேசினான். சீரிய பாஷையில் பேசும் என்று எசேக்கியாவின் அரமனை விசாரிப்புக்காரன் எலியாக்கீமும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டதும் இன்னும் உரத்த சத்தமாய்க் கத்தினான். 2000 குதிரை தருகிறேன், ஏறுவதற்கு ஆள் இருக்கிறதா என்று கேலி வேறு. அதைவிட மோசமானது, எசேக்கியா தப்பான ஆராதனை நடந்த மேடைகளை இடித்ததைத் தேவனுக்கு விரோதமான காரியம் போலத் திருப்பிவிட்டு, கர்த்தரே என்னை இங்கே அனுப்பினார் என்றும் சொன்னான். நீங்கள் செய்த சரியான காரியத்தையே உங்கள்மேல் குற்றமாகச் சாட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்களுக்கு விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

ஜனங்கள் வாய் திறக்கவில்லை. மறுஉத்தரவு சொல்லவேண்டாம் என்று ராஜா முன்கூட்டியே கட்டளை கொடுத்திருந்தார். நம் காலத்தில் இதன் அர்த்தம், மிரட்டலோ அவமானமோ மெசேஜாக வந்தால் விரல் போகிற வேகத்துக்குப் பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைப்பதுதான். குடும்பத்தில் மற்றவர்களும் இழுபட வாய்ப்பிருந்தால் அவர்களிடமும் இதை முன்னாலேயே பேசிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மௌனமாயிருக்க உங்கள் தம்பி சண்டைக்குப் போவான்.

ஒருவரிடம் சொல்லுங்கள், அப்புறம் நீங்களே போங்கள்

எசேக்கியா துக்க உடையான இரட்டு உடுத்திக்கொண்டு தீர்க்கதரிசி ஏசாயாவிடம் ஆள் அனுப்பினார். சொல்லி அனுப்பிய செய்தியில் ராஜ கம்பீரம் எதுவும் இல்லை: பிள்ளைபேறு நெருங்கிவிட்டது, பெறுவதற்குப் பெலன் இல்லை. ஜெபிக்கச் சொல்லிக் கேட்கும்போது இப்படித்தான் கேட்கவேண்டும். "சும்மா ஒரு சின்ன விஷயம், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்று மூடி மூடிச் சொன்னால் கேட்பவருக்கும் எதற்காக ஜெபிப்பது என்று தெரியாது. பத்துப் பேருக்குச் சொல்லவேண்டியதில்லை, ஏசாயாவைப் போல முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவர் போதும்.

ஏசாயாவின் பதில் உடனே வந்தது, பயப்படாதேயும் என்று. கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கெல்லாம் வசதியாக இருந்திருக்கும். ஆனால் கடிதமே அதற்கப்புறம்தான் வருகிறது. எத்தியோப்பியா ராஜா திராக்கா படையெடுத்து வருகிறான் என்று கேள்விப்பட்ட சனகெரிப், அவசரத்தில் பழைய மிரட்டலையே எழுதி அனுப்பினான். வாக்குத்தத்தம் கிடைத்தபிறகு மறுபடியும் அதே பயம் வாசலில் வந்து நிற்பது வாக்குத்தத்தம் பொய் என்பதற்கு அடையாளம் அல்ல. இந்தத் தடவை எசேக்கியா ஏசாயாவுக்கு ஆள் அனுப்பவில்லை, தானே ஆலயத்துக்குப் போனார்.

விரிக்கும் விதம்

முதலில் வாசித்தார், அப்புறம்தான் விரித்தார். பயத்தில் பாதி படித்துவிட்டு ஜெபிக்க ஓடாதீர்கள். மருத்துவ அறிக்கையோ, வங்கி நோட்டீஸோ, வேலையிலிருந்து நீக்கும் கடிதமோ, கடைசி வரி வரை வாசியுங்கள். அதில் தேதி இருந்தால் தேதி, தொகை இருந்தால் தொகை. பிறகு அந்தத் தாளையே, அல்லது திரையில் அந்தச் செய்தியைத் திறந்து, முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். தாளில் எந்த மந்திரசக்தியும் இல்லை, கண்ணுக்கு முன்னால் இருந்தால் பொதுவான வார்த்தைகளுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது, அவ்வளவுதான்.

அவருடைய ஜெபம் 2 இராஜாக்கள் 19-இல் 15 முதல் 19 வரை ஐந்தே வசனம். கர்த்தர் யார் என்று தொடங்குகிறார்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், பூமியின் ராஜ்யங்களுக்கெல்லாம் அவர் ஒருவரே தேவன். அடுத்து, செவிசாயும், கண்களைத் திறந்து பாரும் என்கிறார். மூன்றாவதாக அவர் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அசீரிய ராஜாக்கள் அந்த ஜாதிகளையும் தேசங்களையும் பாழாக்கினது மெய்தான் என்று ஒத்துக்கொள்கிறார். கடிதத்தில் உண்மை இருந்தது. சனகெரிப் தன் கல்வெட்டில் யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்ததாகவும் எழுதிவைத்தான்; லாகீஸ் விழுந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கியும் வைத்தான், அந்தச் சிற்பங்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விசுவாசம் என்றால் எதிரியின் பலத்தை இல்லையென்று சொல்வது என்று நினைக்கிறோம், எசேக்கியா அப்படிச் செய்யவே இல்லை. அந்தக் கல்வெட்டில் எருசலேமைப் பிடித்ததாக மட்டும் எழுத்து கிடையாது.

அதனால் நீங்களும் கடிதத்தில் உண்மையாயிருப்பதை "ஆம் ஆண்டவரே, இது உண்மை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பிறகு அதில் பொய் எது என்று தேடுங்கள். சனகெரிபின் பொய் ஒன்றுதான்: மற்ற ஜாதிகளின் தேவர்களைப் போலத்தான் உன் தேவனும் என்றது. கடைசியில் வேண்டுதலை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். "எங்களை இரட்சியும்" என்று எசேக்கியா கேட்டார், காரணமும் சொன்னார், எல்லா ராஜ்யங்களும் நீரே தேவன் என்று அறியும்படிக்கு.

கையில் இருக்கிற வேலையை நிறுத்தாதீர்கள்

ஜெபித்த இதே மனிதர்தான் மதிலைப் பழுதுபார்த்தார், கீகோன் ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தார். பாறைக்குள் ஏறக்குறைய 533 மீட்டர் நீளம் வெட்டிய சுரங்கக் கால்வாய் இன்றும் எருசலேமில் இருக்கிறது, இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் கிடைத்தது. எசேக்கியா சாகும் அளவுக்கு வியாதிப்பட்டபோதும் அப்படித்தான். 15 வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார் ஏசாயா. மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

ஆனால் ஏசாயா 22-ஐயும் சேர்த்து வாசிக்கவேண்டும். இரண்டு மதில்களுக்கும் நடுவே குளம் வெட்டினீர்களே, அதைச் செய்தவரை நோக்காமற்போனீர்களே என்று எருசலேமைக் கர்த்தர் கடிந்துகொள்கிறார். வேலை தப்பில்லை, வேலையிலேயே கண் தங்கிவிட்டதுதான் தப்பு. ஒரு நாள் முழுக்க வக்கீலுக்கும் டாக்டருக்கும் போன் செய்துவிட்டு ஒரு தடவைகூட ஜெபிக்க நினைவு வரவில்லையென்றால், அன்றைக்கு இந்த வசனம் உங்களுக்குத்தான்.

பதில் எவ்வளவு நாளில் வரும் என்று கேட்டால், இரண்டு விதமாகவும் வந்தது. அன்று இராத்திரியே அசீரியப் பாளயத்தில் 185,000 பேர் மாண்டார்கள். சனகெரிப் தன் தேசத்திலே பட்டயத்தால் விழுவான் என்று ஏசாயா மூலம் கர்த்தர் சொன்னதோ அடுத்த வசனத்திலேயே நடந்ததுபோல் தோன்றும், உண்மையில் சனகெரிப் நினிவேயில் தன் குமாரர் கையால் கொல்லப்பட்டது கி.மு. 681-இல். நடுவே 20 வருஷம்.

இரண்டாவது கடிதம் வரும்போது

இதுதான் கஷ்டமான பகுதி. எசேக்கியா வியாதியிலிருந்து எழுந்ததைக் கேள்விப்பட்டுப் பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எசேக்கியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெள்ளி, பொன், பரிமளதைலம், ஆயுதசாலை எல்லாவற்றையும் திறந்து காட்டினார். ஜெபம் இல்லை, ஏசாயாவிடம் ஆலோசனை இல்லை. மிரட்டல் கடிதத்துக்கு அத்தனை நிதானம் காட்டியவர், பாராட்டுக் கடிதத்துக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இந்தச் சம்பவம் முற்றுகைக்கு முன்பே நடந்திருக்கலாம் என்று பல வேத அறிஞர்கள் சொல்கிறார்கள், அதற்கு நியாயமும் உண்டு, பணம் கட்டியபிறகு காட்ட என்ன மிச்சம் இருந்திருக்கும்? எது முந்தி நடந்திருந்தாலும் வேதம் இதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறது.

அப்போது ஏசாயா வந்து கேட்ட கேள்விகள்தான் உங்களுக்கு வேண்டிய கருவி. அந்த மனுஷர் என்ன சொன்னார்கள்? எங்கேயிருந்து வந்தார்கள்? உம்முடைய வீட்டில் என்னத்தைப் பார்த்தார்கள்? எசேக்கியா இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் சொன்னார், முதல் கேள்வியை அப்படியே தாண்டிவிட்டார். கவனித்துப் பாருங்கள், வசனத்தில் அந்தப் பதில் இல்லவே இல்லை.

ஆகவே நல்ல செய்தி, புதிய வேலை வாய்ப்பு, சம்பந்தம் பேச வருவது, கூட்டாகத் தொழில் செய்ய அழைப்பு, ஊழியத்துக்கு மேடை, எது வந்தாலும் அதையும் விரித்துவைத்து இந்த மூன்றையும் கேளுங்கள். அவர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால், அல்லது எழுதக் கூச்சமாயிருந்தால், அங்கேதான் ஏதோ இருக்கிறது. யார் இவர்கள் என்பதற்கு அடுத்தபடியாக, நான் இவர்களுக்கு என்ன காட்டிக்கொண்டிருக்கிறேன், ஏன் காட்டுகிறேன் என்று கேளுங்கள். சாட்சி சொல்வது வேறு, சேர்த்து வைத்ததைக் காட்டுவது வேறு. கர்த்தர் உயிரைத் திரும்பக் கொடுத்ததைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு எசேக்கியா ஆயுதசாலையைக் காட்டினார்.

நான்காவதாக ஒன்றை நானே சேர்க்கிறேன்: இந்த முடிவுக்கு விலை கொடுக்கப்போவது யார்? இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உம்முடைய குமாரரும் போவார்கள் என்று ஏசாயா சொன்னதும், என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்றார் எசேக்கியா. மனத்தாழ்மையோடு ஏற்றுக்கொண்டார் என்று சிலர் இதை விளக்குவார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. அவருக்குப் பின் பொல்லாத ராஜாவாக ஆண்ட மகன் மனாசே சிங்காசனம் ஏறியபோது 12 வயது, அப்படியென்றால் கூட்டிக் கிடைத்த 15 வருஷத்தில் பிறந்த பிள்ளை. அந்த 15 வருஷமே வராமல் இருந்திருந்தால் நல்லது என்று பிரசங்கிப்பவர்களோடும் நான் சேரமாட்டேன், மனாசே இல்லாமல் அவன் பேரனான நல்ல ராஜா யோசியா இல்லை, மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச அட்டவணையில் இவர்கள் எல்லோர் பெயரும் வரிசையாக இருக்கிறது.

அதனால் வந்த அழைப்பின் கீழே, உங்கள் முடிவு யார் யாரைத் தொடுமோ அவர்கள் பெயரை எழுதிவையுங்கள், முடிந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஜெபியுங்கள். பதிலை அதற்கப்புறம் எழுதலாம்.