காணிக்கு முற்பணம் கொடுக்கும் முன்: இலங்கை மலையகத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு காணிக்கு விலை பேசி முடிந்தால், அன்றைக்கே முற்பணம் கைமாறிவிடுகிறது. ஒரு வெள்ளைத்தாள், மேலே முத்திரை, இரு பக்கத்தார் கையெழுத்து, சமாதான நீதவானின் சீல். இது போதும் என்று நம்பித்தான் பலர் வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கிறார்கள். போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமல்ல, பிறகு விற்கிறேன் என்ற உடன்படிக்கையும் நொத்தாரிசும் (காணிப் பத்திரம் எழுத உரிமம் பெற்றவர்) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கக் கையெழுத்தாக வேண்டும். இல்லையென்றால் அதற்குச் சட்ட வலு கிடையாது. சமாதான நீதவானோ கிராம உத்தியோகத்தரோ நொத்தாரிசுக்குப் பதிலாக முடியாது. சாட்சியின் வீட்டுக்கு அப்புறம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதும் கூடாது.

சரி, நொத்தாரிசிடம் எழுதியாயிற்று. இனிப் பயமில்லை என்று நினைப்பது அடுத்த தவறு. என் பார்வையில் இதுதான் அதிகம் பேரை வீழ்த்துகிறது. நொத்தாரிசு மாதந்தோறும் தான் எழுதிய உறுதிகளின் (காணிப் பத்திரங்களின்) இரண்டாம் பிரதிகளைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். அது பதிவு அல்ல. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, உங்கள் உடன்படிக்கையைத் தனியாகக் கொடுத்து, கட்டணம் கட்டி, அந்தக் காணிக்கென்று பதிவகத்தில் உள்ள ஏட்டுப் பக்கமான பதிவுத் தாளில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் வைத்திருக்கும்போது, விற்பவர் அதே காணியை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்து, அவர் மோசடியில்லாமல் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், உங்கள் உடன்படிக்கை அவருக்கு எதிராகச் செல்லாமல் போகும். வேறு காணியின் தாளில் தவறாக ஏறினாலும் அதே ஆபத்து. ஆகவே பதிவகத்தின் குறிப்பு, தொகுதி, தாள் இலக்கம், திகதி எல்லாம் உள்ள மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

முற்பணத்துக்கு முன்பே நுவரெலியா, கண்டி, பதுளை என்று அந்தக் காணிக்குரிய பதிவகத்தில் பழைய தாள்களைத் தேடுவதும் அவசியம். 30 வருடங்களுக்காவது பார்ப்பது வழக்கம். அடமானமும் வழக்கும் அங்கேதான் தெரியவரும். அரசின் காணி உரிமைப் பதிவுத் திட்டமான பிம்சவியவின் உரிமைச் சான்றிதழ் உள்ள காணிக்கு 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைமுறையே வேறு. சட்டத்தரணியிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களுக்குப் பெயர் ஒரு தனித் தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பழைய உறுதியில் மூன்றாவது. எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடித்து, உடன்படிக்கையிலும் குறிக்கச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் விளக்கும்வரை கையெழுத்திடாதீர்கள். அவசரப்படுத்துபவரிடம் கூச்சப்பட வேண்டியதில்லை.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயக் காம்பராவைக் காசுக்கு 'வாங்கியவர்கள்' நிலைமைதான் மனதை அதிகம் வருத்துகிறது. பெரும்பாலான பெரிய தோட்டங்களின் நிலம் 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையானது. கம்பனிகள் குத்தகைக்கே நடத்துகின்றன. குடியிருப்பவருக்கு விற்கும் உரிமை இல்லாதபோது எந்த நொத்தாரிசு எழுதினாலும் உரிமை மாறாது. வீடமைப்புத் திட்டத்தில் தோட்டக் குடும்பத்துக்குக் கொடுத்த 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணி என்றால், விற்பவர் பெயரில் உறுதி வந்துவிட்டதா, அதில் விற்கத் தடை நிபந்தனை உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அரசு நிபந்தனையுடன் அளித்த அளிப்புப் பத்திரக் காணிக்குப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி முதலில் வர வேண்டும். உடன்படிக்கை அதற்குப் பிறகுதான்.