பேஸ் கிட்டார் ஆம்ப்பும் வீட்டு ஸ்டீரியோவும்

என் பேஸ் ஆம்ப்பில் இருப்பது 8 அங்குல ஸ்பீக்கர். தடித்த ஈ (E) கம்பியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சிறு பெட்டியில் அது பெயருக்குத்தான் கேட்கும். கூடத்தில் நல்ல ஸ்டீரியோ சும்மா கிடக்கிறதே என்று இரண்டையும் இணைத்தேன்.

ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டை ஸ்டீரியோ பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதில் வருவது பல வோல்ட்; ஸ்டீரியோவில் வெளிக் கருவிகளை இணைக்கும் ஆக்ஸ் உள்ளீடு எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 0.3 வோல்ட். ஹெட்போன் அவுட்தான் வழி. ஒரு முனையில் 6.35 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பிளக்குகளும் உள்ள கேபிள் போதும். ஃபோனோ என்று எழுதிய துளை வேண்டாம், அது இசைத்தட்டு ஊசிக்கானது.

ஒலி வந்தது; கூடவே 'ம்ம்ம்' என்று ஓயாத முனகல். கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைத்தும் அடங்கவில்லை, ஸ்டீரியோவுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினால்தான் நின்றது. வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளின் எர்த் பாதைகள் கேபிளின் உறை வழியே வளையமாகிவிட்டன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதும் பெருமளவு குறைந்தது. இடையில் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை (நேரடிக் கம்பித் தொடர்பின்றி ஒலியை மட்டும் கடத்துவது) வைத்ததும் மிச்சமும் போயிற்று. எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்லும் மேதாவிகள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடும் வேலை.

பதிவான இசையைப் போல நேரடி பேஸில் உச்சங்கள் அடக்கப்பட்டிருக்காது. ஆகவே ஆம்ப்பில் அவற்றை அடக்கும் கம்ப்ரஸரைப் போட்டுக்கொள்கிறேன். ஸ்டீரியோவின் வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரின் கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி எகிறினால் உடனே வால்யூமைக் குறைத்துவிடுகிறேன்.