பூக்கும் தாவரமும் மாஸும்: எதை எதனோடு ஒப்பிடுகிறோம்?

ஒரு பக்கம் ரோஜாச் செடி, மறுபக்கம் பச்சை மெத்தை போன்ற மாஸ் (moss) என்று படம் வரைந்து பலரும் ஒப்பீட்டைத் தொடங்குகிறார்கள். முதல் தவறே அதுதான். இரண்டும் பச்சை, இரண்டிலும் இலை தெரிகிறது. ஆனால் தாவர வாழ்க்கைச் சுழற்சியில் மாறி மாறி வரும் இரு தலைமுறைகளில் அவை ஒரே தலைமுறை அல்ல. ரோஜாச் செடி ஸ்போரோஃபைட், அதாவது ஸ்போர்களை உண்டாக்கும் தலைமுறை. அதன் செல்கள் விந்து, முட்டை இரண்டிலிருந்தும் குரோமோசோம்களைப் பெற்றவை. மாஸின் பச்சைப் பகுதியோ ஸ்போர் என்னும் இனப்பெருக்கச் செல்லிலிருந்து முளைத்த கேமீட்டோஃபைட், அதாவது விந்தையும் முட்டையையும் உண்டாக்கும் தலைமுறை. அதன் குரோமோசோம் எண்ணிக்கை மாஸ் ஸ்போரோஃபைட்டில் உள்ளதில் பாதி.

அப்படியானால் ரோஜாச் செடிக்கு மாஸில் இணை எது? பச்சைத் தண்டின் மேல் எழும் மெல்லிய காம்பும் அதன் நுனியில் உள்ள காப்சூல் என்னும் ஸ்போர்ப் பையும்தான். தாய்ச் செடியைப் பற்றியே அது வாழும். பச்சை மெத்தைக்கு இணை, பூவுக்குள் மறைந்திருக்கிறது: இரண்டு மூன்று செல்களே கொண்ட மகரந்தத்தூளும், சூலுக்குள் இருக்கும், பெரும்பாலும் ஏழு செல்களால் ஆன கருப்பையும் (embryo sac). மாஸ் முதல் ஊசியிலை மரங்கள் வரை இந்தத் தலைமுறை மாற்றம் தொடர்வதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர் 1851-லேயே காட்டிவிட்டார். இதைச் சொல்லாத ஒப்பீட்டு அட்டவணை எத்தனை வரிகள் நீண்டாலும் எனக்குக் குறையாகவே படுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த பிழையும் விலகும். காப்சூலைக் கனி என்றும் ஸ்போரை விதை என்றும் எழுதாதீர்கள். விதைக்குள் கருவும் அதைச் சுற்றி உறையும் உண்டு. மாஸின் ஸ்போர் பொதுவாக ஒற்றைச் செல். காப்சூலுக்கு இணையைக் கனியில் அல்ல, மகரந்தப்பையில் தேடுங்கள். குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு நடப்பது இரண்டிலும்தான்.

'மாஸில் கடத்தும் செல்களே இல்லை' என்பதும் மிகை. பாலிட்ரைக்கம் போன்ற மாஸ்களில் நீர் கடத்தும் செல்கள் உண்டு. லிக்னின் என்னும் கடினப் பொருள் படிந்த சைலம் என்ற நீர் கடத்தும் திசுதான் இல்லை.

'நீர் இல்லையேல் மாஸ் இல்லை' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இரு செய்திகளைக் குழப்புகிறார்கள். விந்தணு சாட்டை போன்ற இரண்டு கசையிழைகளால் நீந்தி முட்டையை அடைய நீர்ப்படலம் தேவை. பூக்கும் தாவரத்தில் அந்த வேலையை மகரந்தக் குழாய் செய்கிறது. ஆனால் வாழ்வதற்கு எப்போதும் ஈரம் வேண்டும் என்பதில்லை. பல மாஸ்கள் சருகாகக் காய்ந்து கிடந்து, நனைந்ததும் மீண்டும் பச்சையாகின்றன. காய்ந்த கொத்தைச் செத்ததென்று வீசிவிடாமல், முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். மாஸைப் 'பாசி' என்றும் சொல்கிறோம்; ஆனால் அந்தச் சொல் ஆல்கா (algae) என்னும் வேறு உயிரினங்களையும் குறிக்கும். மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ், பெயரில் மாஸ் இருந்தாலும், அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரம்.