ஸ்கேன் முடிவில் வரும் விளக்கத்தைப் படிப்பது எப்படி?

ஆன்டி-ஸ்பைவேர் ஸ்கேன் முடிந்து பட்டியல் வந்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் நீக்கிவிடாதீர்கள், முதலில் ஒவ்வொன்றின் விளக்கத்தையும் திறந்து பாருங்கள்.

வகையைக் கவனியுங்கள். ட்ராக்கிங் குக்கீ, அதாவது உங்கள் இணைய நடமாட்டத்தைக் கவனிக்க உலாவியில் வைக்கப்படும் சிறு கோப்பு என்றால் பெரிய ஆபத்தில்லை, அழித்தால் போதும் (எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிப் பயமுறுத்தத்தான் இது நன்றாக உதவுகிறது). பியூஏ (வேண்டாததாக இருக்கக்கூடிய செயலி) என்றால் இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத சரக்காக இருக்கலாம். கீலாகர் (நீங்கள் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்வது), ட்ரோஜன் (நல்ல நிரல்போல வேடமிட்டு வருவது) என்றிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்துச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

பெயரிலேயே நிறையச் செய்தி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் 'ட்ரோஜன்:வின்32/வாகடாக்.பி!எம்எல்' என்று காட்டினால், முதலில் இருப்பது வகை, அடுத்து அது ஓடும் தளம், பிறகு குடும்பப் பெயர், 'பி' என்பது அதன் ஒரு திரிபு. கடைசி 'எம்எல்' இயந்திரக் கற்றல் கணித்துச் சொன்னதைக் குறிக்கும், ஆகவே தவறாகவும் இருக்கலாம். 'ஜெனரிக்' (பொதுவான அடையாளம்), 'ஹியூரிஸ்டிக்' (நடத்தையையும் அமைப்பையும் வைத்துச் செய்த ஊகம்) என்று வந்தாலும் அப்படித்தான்.

"இந்த நிரல் ஆபத்தானது" என்று ஒரே வரியில் முடியும் விளக்கத்தால் பிரயோஜனமில்லை. எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர், எதைத் திருடும் என்று சொல்கிறதா பாருங்கள். சொல்லவில்லையா, சரி, கோப்பின் ஹாஷை (கைரேகை போல அதை அடையாளம் காட்டும் குறியீடு) வைரஸ்டோட்டலில் தேடுங்கள், பல ஆன்டிவைரஸ் எஞ்சின்களின் முடிவை ஒரே இடத்தில் காட்டும் இணையதளம் அது. ஒன்றிரண்டு எஞ்சின்கள் மட்டும் குறை சொன்னால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் தீரும்வரை அழிக்காமல் குவாரன்டீனில் (இயங்க முடியாதபடி தனியே பூட்டி வைக்கும் இடம்) வையுங்கள், வேண்டுமென்றால் மீட்டுக்கொள்ளலாம்.