கயாக்கில் பெரிய மீன் மாட்டினால்

கடலில் கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) இருக்கும்போது பெரிய மீன் கடித்தால், தூண்டில் கோலின் நுனியை உடனே படகின் மூக்குப் பக்கம் திருப்புங்கள். மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு ஓடும். ஓடட்டும், அந்த இழுப்பிலேயே அது களைத்துவிடும். பக்கவாட்டில் இழுக்கவிட்டால்தான் கவிழும் ஆபத்து.

தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் பிடி), நரம்பு தாங்கும் எடையில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். இதைக் கரையிலேயே சரிபார்த்துவிடுங்கள். மீன் படகுக்கு அடியில் புகுந்தால் கோல் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மூக்கைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோங்கள். நரம்பு படகில் உரசாது.

அருகில் வந்த மீன் மறுபடி பாயும், அப்போது டிராக்கை இறுக்கவே கூடாது. மேல்தளத்தில் உட்காரும் வகைக் கயாக் என்றால், மீனை ஏற்றும்போது கால்களை இருபுறமும் தொங்கவிடுங்கள், ஆட்டம் குறையும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். அப்புறம், நரம்பை அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.